இரண்டு கடிகாரங்கள் சந்திக்கும் இடம்: வீடியோ எடிட்டிங்கில் சிங்க் சிக்னல்

1945 அக்டோபரில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் ஏவி.எம். நிறுவனத்தைத் தொடங்கியபோது உலகப் போர் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. சென்னையில் புதிய ஸ்டூடியோவுக்கு மின் இணைப்பு வாங்குவது குதிரைக்கொம்பாக இருந்தது. அவர் சொந்த ஊரான காரைக்குடிக்கே வந்துவிட்டார். தேவகோட்டை ரஸ்தாவில் எழுந்த ஸ்டூடியோவில் 1947 பொங்கலுக்கு வந்த ‘நாம் இருவர்’ தயாரானது. அடுத்த ஆண்டு ‘வேதாள உலகம்’. அதன்பின் ஸ்டூடியோ கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது.

மின்சாரம் தேடி ஊர் மாறிய கதையாகத்தான் இதைச் சொல்வார்கள். விளக்கு எரிய மின்சாரம் வேண்டும் என்பது யாருக்கும் தெரியும். பேசும்படத்தில் அதற்கு இன்னொரு வேலையும் இருந்தது. அக்கால முறையில் படத்தைப் பதியும் கேமராவும் ஒலியைப் பதியும் கருவியும் தனித்தனி இயந்திரங்கள். இரண்டும் நொடிக்கு 24 பிரேம் என்ற ஒரே வேகத்தில் ஓடினால்தான் உதடும் சொல்லும் சேரும். அதற்காக இரண்டுக்கும் ஒத்தியங்கு மோட்டார் பொருத்தி, ஒரே மாறுதிசை மின்சாரத்தைக் கொடுப்பார்கள். அந்த வகை மோட்டார் மின்னழுத்தத்தைப் பார்த்துச் சுற்றுவதில்லை. மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பார்த்துச் சுற்றும். அதிர்வெண் சற்றே ஏறினால் இரண்டும் சேர்ந்து ஏறும், இறங்கினால் சேர்ந்து இறங்கும். வேகம் தவறினாலும் ஒற்றுமை தவறாது. சிங்க் என்பது இந்த ஒற்றுமைதான். இன்றைக்கு ‘ரெஃபரன்ஸ்’, ‘ஜென்லாக்’ என்று நாம் சொல்லும் சிக்னலின் வேலையை அன்று மின்கம்பியே செய்தது.

செட்டியாரின் தொழில்வாழ்க்கையில் முதல் பத்தாண்டைப் புரட்டினால் அது முழுக்க சிங்க் பிரச்சினைகளின் வரிசையாகவே இருக்கிறது. 1938இல் ‘நந்தகுமார்’ படத்தில் நடிகை ஒருவருக்கு லலிதா வெங்கட்ராமனின் குரலைப் பொருத்தினார். தமிழில் பின்னணிப் பாட்டின் தொடக்கமாக அது குறிக்கப்படுகிறது. 1943இல் கன்னடத்தில் எடுத்த ‘ஹரிச்சந்திரா’வை மறு ஆண்டு தமிழில் டப் செய்து வெளியிட்டார், இந்திய மொழி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு டப் ஆன முதல் படம் என்ற பெயர் அதற்கு. 1945இல் ‘ஸ்ரீ வள்ளி’. நாயகி ருக்மிணியின் பாட்டு திருப்தி தராததால், எடுத்து முடித்த படத்தின் மேலேயே பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்துக் குரலை மாற்றினார். முதலில் குரலைப் பதிந்துவிட்டு அதற்கு வாயசைப்பது ஒரு வித்தை. ஏற்கெனவே அசைந்துவிட்ட வாய்க்குக் குரல் தேடுவது அதைவிடக் கடினம். நடிகை மூச்சு வாங்கிய இடத்தில் பாடகியும் வாங்க வேண்டும். ஒரு பிரேம் என்பது 42 மில்லிநொடி. இழுத்துப் பாடும் ஸ்வரத்தில் நான்கு பிரேம் பிசகினாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். ‘ப’, ‘ம’ போன்று உதடு மூடித் திறக்கும் எழுத்தில் இரண்டு பிரேம் பிசகினால் தியேட்டரில் கடைசி வரிசைக்காரருக்கும் தெரிந்துவிடும்.

படத்தொகுப்பு மேசைக்கு வந்தபின் சிங்க் என்பது வெறும் பல்சக்கர விவகாரமாகிவிடும். ஒரே அச்சில் கோத்த பல்சக்கரங்களில் படச்சுருளும் ஒலிச்சுருளும் ஓட்டைக்கு ஓட்டை மாட்டி ஓடும். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம், நிமிடத்துக்கு 90 அடி. கிளாப் அட்டை மூடிய பிரேமையும் ‘டக்’ என்ற ஒலியையும் நேருக்கு நேர் வைத்துவிட்டால் ரீல் முடியும்வரை கவலையில்லை. காரைக்குடிக்காரரான எஸ்.பி. முத்துராமன் ஏவி.எம். எடிட்டிங் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்துதான் தொழில் கற்றார். அந்தத் தலைமுறை எடிட்டர்களுக்கு சிங்க் என்பது விரல் நுனியில் தட்டுப்படும் பொருளாக இருந்தது. நமக்கு அது கண்ணுக்குத் தெரியாத மின்துடிப்பு. குழப்பத்தில் பாதி இதனால்தான் வருகிறது.

மீதிப் பாதிக்குக் காரணம், மூன்று வேறு வேலைகளை ஒரே பெயரால் அழைப்பது. கல்யாண வீடியோ எடுக்கும் இளைஞர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இப்படி இருக்கும்: “அண்ணே, டைம்கோட் பாக்ஸ் வாங்கிட்டா சிங்க் பிரச்சினை தீர்ந்துடுமா?” பதில் எந்த சிங்க் என்பதைப் பொறுத்தது.

நாகஸ்வரக் கச்சேரியை நினைத்துக்கொள்ளலாம். தாளக்காரர் தட்டிக்கொண்டே இருக்கிறார். அந்தத் தட்டு இப்போது பல்லவியா சரணமா என்று சொல்வதில்லை, ஒவ்வோர் அட்சரமும் எந்தக் கணத்தில் விழவேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது. பாட்டில் எந்த வரியில் நிற்கிறோம் என்பது தனிச் செய்தி. ஜென்லாக் அல்லது ரெஃபரன்ஸ் சிக்னல் தாளத்தின் வேலையைச் செய்கிறது: ஒவ்வொரு பிரேமும் எந்தக் கணத்தில் தொடங்க வேண்டும் என்று எல்லாக் கருவிக்கும் சொல்லும். டைம்கோட் வரியின் வேலையைச் செய்கிறது: இந்த பிரேமின் முகவரி 10 மணி 14 நிமிடம் 22 நொடி 7ஆம் பிரேம் என்று சொல்லும். மூன்றாவதான வேர்ட் கிளாக் ஒலிக்கருவிகளுக்கான தாளம். நொடிக்கு 48,000 தட்டு. இந்திய வழக்கமான 25 பிரேமில் ஒரு பிரேமுக்குச் சரியாக 1,920 ஒலிமாதிரிகள் அடங்கும், பின்னமே வராது. 29.97 பிரேம் நாட்டுக்காரர்களுக்கு அது 1,601.6 என்று வந்து தலைவலி தரும்.

முகவரி ஒன்றாக இருந்தும் துடிப்பு வேறாக இருக்கலாம். இரண்டு கேமராவிலும் டைம்கோட் ஒரே எண்ணைக் காட்டும். ஆனால் ஒன்று அந்த பிரேமைத் தொடங்கிய பின் 15 மில்லிநொடி கழித்து மற்றது தொடங்கியிருக்கும். வெட்டி ஒட்டும் வேலைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இரண்டு படத்தையும் ஒரே நேரத்தில் கலக்க வேண்டும் என்றால் இதுவே முழுப் பொருட்டு. துடிப்பு ஒன்றாக இருந்து முகவரி வேறாக இருப்பதும் உண்டு. ஆகவே டைம்கோட் பெட்டி ஜென்லாக்கின் வேலையைச் செய்யும் என்றோ, ஜென்லாக் கம்பி போட்டால் எடிட்டிங்கில் கிளிப்புகள் தானாக வரிசையாகும் என்றோ நினைத்தால் இரண்டு முறையும் காசுதான் போகும்.

எடிட்டிங் அறைக்கு ரெஃபரன்ஸ் சிக்னல் ஏன் வந்தது என்பதற்கு டேப் காலத்துக்குப் போக வேண்டும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. இந்தியா ஏற்றுக்கொண்ட முறை 625 வரி, நொடிக்கு 50 அரைப்படம், அதாவது 25 முழுப்படம். இந்த 50உம் மின்கம்பியிலிருந்து வந்ததுதான்: ஐரோப்பிய மின்சாரத்தின் அதிர்வெண் 50 என்பதால், படத்தில் விழும் மின்சார இரைச்சல் கோடு நகராமல் நிற்கட்டும் என்று தொலைக்காட்சியையும் அதே எண்ணில் அமைத்தார்கள். தேவகோட்டை ரஸ்தாவில் மோட்டாரைச் சுழற்றிய அதே கணக்கு, வேறு வேடத்தில்.

625 வரியை 25ஆல் பெருக்கினால் நொடிக்கு 15,625 வரி. ஒரு வரிக்கு 64 மைக்ரோநொடி. ஒவ்வொரு வரியும் தொடங்கும் இடத்தில் 4.7 மைக்ரோநொடி நீளத்துக்கு மின்னழுத்தம் 300 மில்லிவோல்ட் கீழே இறங்கும். அந்தப் பள்ளம்தான் சிங்க் துடிப்பு. இரண்டு டேப் ஓட்டிகளிலிருந்து வரும் படங்களை ‘டிசால்வ்’ செய்து மூன்றாவதில் பதிய வேண்டுமென்றால், இரண்டின் பள்ளமும் ஒரே கணத்தில் விழ வேண்டும். மைக்ரோநொடியில் ஒரு பங்கு தவறினால் படம் பக்கவாட்டில் நகரும்; வண்ணத்துக்கான துணை அலை அதைவிட நுண்ணியது, அது பிசகினால் மணப்பெண்ணின் அரக்குப் பட்டின் நிறமே கெட்டுவிடும். டேப் ஓட்டியோ சுழலும் உருளையும் ரப்பர் சக்கரமும் கொண்ட இயந்திரம், அதன் வேகம் நிலையாகவே இருக்காது. அதனால் ‘பிளாக் பர்ஸ்ட்’ என்ற கருப்புப் படத்தை ஒரு சிங்க் ஜெனரேட்டர் உற்பத்தி செய்து எல்லா இயந்திரத்துக்கும் அனுப்பும். அதில் பார்க்க எதுவும் இல்லை, தாளம் மட்டும் இருக்கிறது. ஓட்டியின் தள்ளாட்டத்தைச் சமன்செய்ய டைம் பேஸ் கரெக்டர் என்று ஒரு பெட்டி வேறு. பால் (PAL) என்ற வண்ண முறையில் துணை அலைக்கும் சிங்க் துடிப்புக்கும் உள்ள உறவு எட்டு அரைப்படத்துக்கு ஒருமுறைதான் பழைய நிலைக்குத் திரும்பும். எனவே கறாரான எடிட்டிங் அறைகளில் நான்கு பிரேமுக்கு ஒருமுறை மட்டுமே வெட்டலாம் என்ற நிலையும் இருந்தது. அழகான இடத்தில் வெட்ட நினைத்த எடிட்டர் அதை எப்படிப் பொறுத்துக்கொண்டார் என்று வியக்காமல் இருக்க முடியவில்லை.

இந்த ஏற்பாடெல்லாம் தூர்தர்ஷனுக்கும் பெரிய ஸ்டூடியோவுக்கும் கட்டுப்படியாகும். வி.எச்.எஸ். கேமராவைத் தோளில் சுமந்து கல்யாணம் எடுத்தவர்களுக்கு எட்டாத விலை. 1990களில் பானசோனிக்கின் எம்.எக்ஸ்.50 போன்ற மிக்சர்கள் வந்தபோது நிலைமை தலைகீழானது. உள்ளே வரும் இரண்டு படங்களையும் மிக்சர் நினைவகத்தில் ஒரு பிரேம் அளவுக்குப் பிடித்து வைத்து, தன் சொந்தத் தாளத்துக்கு வெளியே விடும். வெளியே இருக்கும் இரண்டு ஓட்டிகளும் எப்படி வேண்டுமானாலும் தள்ளாடட்டும். சிங்க் ஜெனரேட்டர் இல்லாமலே தாமரை இதழ் விரியும் எஃபெக்ட்டுக்குள் மாப்பிள்ளை முகம் வந்தது. அந்த எஃபெக்ட்டுகளின் ரசனையைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, இங்கே வேண்டாம். தொழில்நுட்ப ரீதியில் நடந்தது பெரிய விஷயம்: வெளியிலிருந்து கொடுக்க வேண்டிய ஒழுங்கை, உள்ளே ஒரு துண்டு நினைவகம் கொடுத்தது. அதற்கு விலை ஒரு பிரேம் வரையிலான தாமதம்.

கணினி எடிட்டிங் இந்தத் தத்துவத்தின் உச்சம். கார்டில் பதிந்த பைல் எந்தத் தாளத்தில் பதிந்தது என்பது, அதைக் கணினிக்கு மாற்றிய கணத்தில் பழங்கதையாகிறது. டைம்லைனில் எல்லாக் கிளிப்புகளும் கணினியின் ஒரே கடிகாரத்துக்கு ஓடுகின்றன. அறையில் உள்ளது ஒரு கணினி, அதிலிருந்து எச்.டி.எம்.ஐ. அல்லது எஸ்.டி.ஐ. வழியாக ஒரு மானிட்டர், ஒலியும் அதே கம்பியில் அல்லது அதே கார்டிலிருந்து என்றால் சிங்க் ஜெனரேட்டருக்கு அங்கே வேலையில்லை. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இயங்கும் கல்யாண வீடியோ எடிட்டிங் அறைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைக்குள் அடங்கிவிடும் என்பது என் கணிப்பு. கேபிளுக்குச் செலவழிக்கும் காசை நல்ல மைக்குக்குக் கொடுக்கலாம்.

அப்படியானால் டைம்லைனில் உதடும் ஒலியும் விலகுவது ஏன்? பிரச்சினை எடிட்டிங் அறையில் பிறப்பதில்லை, கல்யாணம் நடக்கும் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், பிறக்கிறது. செட்டிநாட்டுக் கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். முகப்பில் ஒரு கேமரா, வளவில் திருப்பூட்டும் (தாலி கட்டும்) இடத்துக்கு அருகே இன்னொன்று, மேல்மாடி வராந்தாவிலிருந்து மூன்றாவது, மைக் செட்டிலிருந்து ஒலியை வாங்கும் தனி ரெக்கார்டர், போதாக்குறைக்குச் சித்தப்பா மகனின் கைபேசி. ஐந்து கருவிக்குள்ளும் ஐந்து படிகக் கடிகாரங்கள். சாதாரணக் கருவியின் படிகம் பத்து லட்சத்துக்கு 20 முதல் 50 பங்கு வரை பிசகலாம். 20 பங்கு என்றே வைத்தாலும் ஒரு மணி நேரத்தில் 72 மில்லிநொடி. அதாவது ஏறத்தாழ இரண்டு பிரேம். ஒன்று முன்னும் மற்றது பின்னும் பிசகினால் நான்கு. அவ்வப்போது நிறுத்தி நிறுத்தி எடுக்கும் கிளிப்புகளில் இது வெளியே தெரியாது. சடங்கு முழுவதையும் இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் பதிந்தால் கடைசியில் ஐயரின் வாய் ஒரு பக்கம், மந்திரம் ஒரு பக்கம்.

இதைக் குணப்படுத்துமுன் நோயைப் பிரித்தறிய வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு விலகி நின்றால் அது இடப்பிசகு. கிளிப்பை நகர்த்தினால் போதும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் கடிகாரப் பிசகு. ஒலியின் நீளத்தைச் சற்றே நீட்டியோ சுருக்கியோ சரிசெய்யலாம், இல்லையென்றால் அரைமணிக்கு ஒருமுறை வெட்டித் திரும்பப் பொருத்தலாம். விலகலின் அளவு பெரிதாக இருந்தால், மணிக்கு மூன்றரை நொடிக்கு மேல் என்றால், படிகத்தைச் சந்தேகிக்க வேண்டாம்: யாரோ 30ஐயும் 29.97ஐயும் ஒன்றெனக் கருதிவிட்டார்கள். அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் ஒரு மணி நேரத்தில் 3.6 நொடியாகும். விலகல் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று துள்ளினால் அது கைபேசிக் கிளிப். கைபேசிகள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப பிரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே பதியும். அதை நிலையான 25 பிரேமுக்கு மாற்றிவிட்டுத்தான் டைம்லைனில் ஏற்ற வேண்டும். இந்த நோய்கள் எதற்கும் எடிட்டிங் அறையில் ஜென்லாக் மருந்தாகாது.

கடிகாரத்தைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது, செட்டிநாட்டு வீடுகளில் அது மற்ற ஊர்களைவிடப் பெரிது. ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். ஒரு பிரேம் என்ற 40 மில்லிநொடியில் 14 மீட்டர். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீட்டில், முகப்பில் நிற்கும் கேமரா உள்கட்டில் வாசிக்கும் மேளத்தைக் குறைந்தது இரண்டு பிரேம் தாமதமாகத்தான் கேட்கும். கணினி இரண்டு கேமராவின் ஒலி அலையையும் ஒப்பிட்டுப் பொருத்தினால் ஒலிகள் கச்சிதமாகச் சேரும், படங்கள் இரண்டு பிரேம் விலகும். மென்பொருள் தவறு செய்யவில்லை. நாம் கேட்டதைத்தான் செய்தது.

ஒலி அலையை வைத்துப் பொருத்தும் முறை வந்தபின் டைம்கோட்டே தேவையில்லை என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். ப்ளூரல்ஐஸ் என்ற மென்பொருள் தொடங்கிவைத்த இந்த முறை 2011இல் பைனல் கட் ப்ரோ எக்ஸுக்குள்ளும் பிறகு பிரீமியர், டாவின்சி ரிசால்வ் என எல்லாவற்றுக்குள்ளும் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு இது பெரும்பாலும் போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கெட்டிமேளத்தின்போது கவனம் வேண்டும். தவில் அடி கூர்மையானது, பொருத்துவதற்கு நல்லது. அதுவே சீராகத் திரும்பத் திரும்ப வந்தால், மென்பொருளுக்கு முதல் ஆவர்த்தமும் இரண்டாம் ஆவர்த்தமும் ஒன்றுபோலவே இருக்கும், ஒரு சுற்றுத் தள்ளிப் பொருத்திவிட வாய்ப்புண்டு. குட்டிக் கிளிப்பாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஒலியே பதியாத ட்ரோனுக்கும் ஸ்லோமோஷனுக்கும் இந்த முறை பயன்படவே படாது. மைல் தூரத்தில் நிற்கும் கேமராக்களுக்கும் பொதுவான ஒலி இல்லை: தேரோட்டத்தை நான்கு வீதியில் நான்கு பேர் எடுத்தால், ஒருவர் காதில் விழும் ஒலி மற்றவர் காதில் விழாது.

அங்கேதான் டைம்கோட் பெட்டி தன் விலையைச் சம்பாதிக்கிறது. எல்லாப் பெட்டிகளையும் காலையில் ஒருமுறை ஒன்றோடொன்று இணைத்து நேரத்தைச் சமப்படுத்திவிட்டு, கேமராவுக்கு ஒன்றாக மாட்டி அனுப்பினால் போதும். வெப்பநிலைக்கு ஈடுகட்டும் படிகம் அவற்றில் இருப்பதால் பிசகு பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள் நிற்கும். பத்து மணி நேர வேலையில் ஒரு பிரேம்கூட முழுசாக நகராது. டைம்கோட் உள்ளீடு இல்லாத கேமராவுக்கு ஒரு வழி: டைம்கோட்டை ஒலியாகவே மைக் துளையில் கொடுத்துவிடலாம். பிரேமுக்கு 80 பிட், நொடிக்கு 2,000 பிட். கேட்டால் கரகரவென்று காதைக் குடையும். எடிட்டிங்கில் மென்பொருள் அதைப் படித்து முகவரியாக மாற்றிக்கொள்ளும். ஒரு சேனலை இதற்குப் பலி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கேமராவில் டைம்கோட்டை ‘ஃப்ரீ ரன்’ நிலையில் வைக்க மறந்தால் பெட்டி மாட்டியும் பயனில்லை. எல்லாக் கேமராவும் ஒரே பிரேம் வேகத்தில் இருக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். சினிமா அழகு வேண்டும் என்று ஒருவர் மட்டும் 23.976இல் எடுத்துவந்தால் 25இல் ஓடும் டைம்கோட்டுக்கு அங்கே பொருளில்லை.

படம் பிடிக்கும்போதே ஒலியைச் சேர்த்துப் பதியும் சங்கிலி தமிழ் சினிமாவில் நீண்டகாலம் அறுந்துபோயிருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கையடக்கமான, ஆனால் இரைச்சல் மிகுந்த ஆரிஃபிளெக்ஸ் 2சி கேமராக்கள் புழக்கத்துக்கு வந்தபின், படப்பிடிப்பில் பதியும் ஒலி ‘பைலட் ட்ராக்’காக, டப்பிங்குக்கு வழிகாட்டியாக மட்டுமே பயன்பட்டது. வெளிநாடுகளிலோ நாக்ரா ரெக்கார்டரும், கேமரா மோட்டாரின் வேகத்தை டேப்பிலேயே குறித்துவைக்கும் துடிப்பும், பிறகு இரண்டிலும் படிகமும் வந்து கம்பியில்லாமலே சிங்க் சாத்தியமாகியிருந்தது. இந்தியில் ‘லகான்’ (2001), தமிழில் கமல்ஹாசனின் ‘விருமாண்டி’ (2004) போன்றவை நேரடி ஒலிப்பதிவை மறுபடி பேச்சுக்குக் கொண்டுவந்தன. செட்டிநாட்டு வீடுகளுக்குப் படப்பிடிப்பு நடத்த வரும் குழுக்கள் இப்போது டைம்கோட் பெட்டியோடும் வருவதுண்டு. ஓங்கிய கூரையும் பளிங்குத் தளமும் எதிரொலிக்கும் அந்தக் கூடங்களில் நேரடி ஒலி பதிவது வேறு தலைவலி, அதற்கு டைம்கோட் ஒன்றும் செய்யாது.

ரெஃபரன்ஸ் சிக்னல் இன்றும் தவிர்க்க முடியாத இடங்கள் சில இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவான அடையாளம் ஒன்றுதான்: தனித்தனிக் கடிகாரம் கொண்ட இரண்டு கருவிகள், ஒரே நேரத்தில், நிறுத்தாமல், ஒன்றுக்கொன்று படத்தையோ ஒலியையோ கைமாற்றிக்கொண்டிருப்பது. பைல் கைமாறினால் கவலையில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஓட்டம் கைமாறினால் ஒருவர் தாளம் போட்டாக வேண்டும்.

எடிட்டிங் வளாகத்துக்குள் இது நேரும் முதல் இடம் ஒலிக்கலவை அறை. படத்தை ஒரு வீடியோ கார்டு வெளியே அனுப்புகிறது. ஒலியை ப்ரோ டூல்ஸ் மென்பொருள் வேறொரு ஒலிக்கருவி வழியாக அனுப்புகிறது. வீடியோ கார்டு தன் கணக்கில் ஒரு நொடி முடிப்பதற்குள் ஒலிக்கருவி 48,000க்குப் பதில் 48,001 மாதிரிகளை ஓட்டியிருக்கலாம். இரண்டு மணி நேரப் படத்தை ஓட்டிப் பார்க்கும்போது மென்பொருள் எங்காவது ஒரு பிரேமைத் தின்னும், இல்லையென்றால் ஒலியில் ‘டிக்’ என்று ஒரு சொடுக்கு விழும். கலவைப் பொறியாளர் அதை மைக்கின் குறை என்று தேடிக்கொண்டிருப்பார். சிங்க் ஜெனரேட்டரிலிருந்து கார்டுக்கு ஒரு கம்பி, ஒலிக்கருவியின் சிங்க் பெட்டிக்கு ஒரு கம்பி என்று போட்டுவிட்டால் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து எண்ணும். டேப் ஓட்டியிலிருந்து கார்டுக்குப் படத்தை ஏற்றும்போதும், ஒளிபரப்பு நிலையத்துக்கு எஸ்.டி.ஐ. வழியே நேரடியாகக் கொடுக்கும்போதும் இதே நியாயம்தான்.

இரண்டாவது இடம் நேரலை. குன்றக்குடியிலோ பிள்ளையார்பட்டியிலோ ஒரு விழாவை ஐந்தாறு கேமராவில் எடுத்து இணையத்தில் விடும்போது எல்லாப் படமும் ஒரு மிக்சரில் சந்திக்கிறது. இன்றைய சிறிய மிக்சர்கள், பிளாக்மேஜிக்கின் ஏட்டெம் வகை உள்பட, எம்.எக்ஸ்.50 செய்ததையே ஒவ்வோர் உள்ளீட்டிலும் செய்கின்றன. ஆகவே ஜென்லாக் இல்லாமலே வேலை நடக்கும். ஆனால் ஒவ்வொரு கேமராவும் வெவ்வேறு அளவு தாமதமாகும், ஒரு பிரேம் வரை. அவ்வப்போது ஒரு பிரேம் இரட்டிக்கும் அல்லது விழும். கேமராவை மெதுவாகத் திருப்பும்போது அது துள்ளலாகத் தெரியும். ஜென்லாக் உள்ளீடு உள்ள கேமராக்கள் கையில் இருந்தால் கம்பி போட்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அதற்காகக் கேமராவை மாற்றும்படி நான் சொல்ல மாட்டேன்.

எல்.இ.டி. திரையில் மட்டும் என் கருத்து கண்டிப்பானது. மண்டபத்தில் மணமேடைக்குப் பின்னால் பெரிய திரை வைத்து, அதன் முன்னால் கேமரா நிற்கும்போது படத்தில் கருப்புப் பட்டைகள் ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். திரையின் செயலி 60 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, கேமரா 25 அல்லது 50இல் எடுக்கிறது. செயலியை 50க்கு மாற்றினாலே பாதி நோய் தீரும். மீதி தீர, செயலியும் கேமராவும் ஒரே ரெஃபரன்ஸைக் கேட்க வேண்டும். சினிமாவில் திரையையே பின்னணிக் காட்சியாக வைத்து எடுக்கும் புதிய முறைக்கு ஜென்லாக் இல்லாமல் அடியெடுத்து வைக்க முடியாது. இரண்டு கேமராவைக் கண்களாக வைத்து எடுக்கும் 3டி படத்துக்கும் இதே விதி. இடது கண் பார்த்த கணமும் வலது கண் பார்த்த கணமும் வேறானால் பார்ப்பவருக்குத் தலைவலிதான் மிஞ்சும்.

திரையைப் பற்றிச் சொல்லும்போது தாமதத்தையும் சொல்லிவிட வேண்டும். கேமரா, மிக்சர், செயலி மூன்றையும் தாண்டிவரும் படம் நான்கைந்து பிரேம் பிந்தியே திரையில் தோன்றும். ஒலிபெருக்கியில் பேச்சு உடனே வந்துவிடும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தன் பி.டி.1359 பரிந்துரையில் மனிதக் காது-கண்ணின் பொறுமையை அளந்து சொல்லியிருக்கிறது: ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே தெரிந்துவிடும், பிந்தினால் 125 வரை தெரியாது. இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தான் வரும், மூளை அதற்குப் பழகியிருக்கிறது. முன்வரிசைக்காரருக்குத் திரை பிந்துவது உறுத்தும். 40 மீட்டர் தள்ளிப் பந்தலின் கடைசியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒலியும் மூன்று பிரேம் பிந்திப் போய்ச் சேருவதால் இரண்டும் ஏறக்குறையச் சேர்ந்துவிடும். இதை ஜென்லாக்கால் சரிசெய்ய முடியாது. ஒலியைத் தாமதப்படுத்தும் பொத்தான்தான் வழி.

கம்பி போடுவது என்று முடிவாகிவிட்டால் செய்முறையில் சறுக்கும் இடங்கள் குறைவு, ஆனால் எல்லோரும் அதிலேயே சறுக்குகிறார்கள். ரெஃபரன்ஸின் வேகம் வேலையின் வேகத்தோடு ஒத்திருக்க வேண்டும். 25 அல்லது 50 வேலைக்குப் பழைய பிளாக் பர்ஸ்ட்டே பல எச்.டி. கருவிகளுக்கும் போதும், 24 பிரேம் சினிமா வேலைக்கு ‘ட்ரை-லெவல்’ சிங்க் வேண்டும். அதில் துடிப்பு 300 மில்லிவோல்ட் கீழே இறங்கி, அதே அளவு மேலேறித் திரும்பும். நடுவில் கடக்கும் விளிம்பை வைத்து நேரம் எடுப்பதால் எச்.டி.யின் வேகத்துக்குத் துல்லியம் கிடைக்கிறது. கேபிள் 75 ஓம் ரகமாக இருக்க வேண்டும். ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குத் தொடராகக் கொண்டுபோனால் கடைசியில் மட்டும் 75 ஓம் முடிப்பான் போட வேண்டும். இரண்டு இடத்தில் போட்டால் சிக்னல் இளைத்துவிடும், எங்கும் போடாவிட்டால் எதிரொலித்து வரும். ஜெனரேட்டரில் ஐந்தாறு வெளியீடு இருக்கும்போது தொடராக இழுக்காமல் ஆளுக்கொன்று கொடுத்துவிடுவதே நிம்மதி. பெரிய ஒளிபரப்பு நிலையங்கள் 2017இல் வெளியான எஸ்.டி.2110 தரத்துக்கு மாறி, கருப்புப் படத்துக்குப் பதில் நெட்வொர்க் வழியாகவே நேரத்தை அனுப்பத் தொடங்கிவிட்டன. சிவகங்கை மாவட்டத்து எடிட்டிங் அறைக்கு அது இப்போதைக்குச் செய்தி மட்டும்தான்.

செட்டிநாட்டுப் பகுதியில் சிங்க் அறிவு உடனடியாகத் தேவைப்படும் வேலை ஒன்று இருக்கிறது என்றால், அது புதிய படப்பிடிப்பில் இல்லை. அலமாரிகளில் கிடக்கும் வி.எச்.எஸ். கேசட்டுகளில் இருக்கிறது. 1980களிலும் 90களிலும் நடந்த கல்யாணங்கள், அறுபதாம் கல்யாணங்கள், கோயில் திருப்பணிகள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பேரப்பிள்ளைகள் அவற்றைப் பைலாக மாற்றித் தரச்சொல்லிக் கேட்கிறார்கள். மலிவான யூ.எஸ்.பி. கேப்சர் கருவியில் படத்தையும், கணினியின் மைக் துளையில் ஒலியையும் தனித்தனியே ஏற்றுவது பலருக்கு வழக்கம். இரண்டு கருவி, இரண்டு கடிகாரம். ஈ-180 கேசட் மூன்று மணி நேரம் ஓடும். 50 பங்கு பிசகிலேயே முடிவில் அரை நொடிக்கு மேல், அதாவது 13 பிரேமுக்கு மேல் விலகியிருக்கும். அதோடு தேய்ந்த டேப்பின் சிங்க் துடிப்பே நடுங்குவதால் கேப்சர் கருவி அங்கங்கே பிரேமை விழுங்கிவிடும், ஒலி மட்டும் விடாமல் ஓடும். படமும் ஒலியும் ஒரே கருவி வழியாக, ஒரே கடிகாரத்தில் ஏற வேண்டும். ஓட்டிக்கும் கருவிக்கும் நடுவே டைம் பேஸ் கரெக்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால், யாராவது பரணில் போட்டுவைத்திருக்கும் பழைய எம்.எக்ஸ்.50 மிக்சரையே நடுவில் வைத்துவிடலாம், அதன் பிரேம் நினைவகம் நடுக்கத்தில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். வி.சி.ஆர். என்ற கேசட் ஓட்டியைத் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நல்ல ஹெட் உள்ள ஓட்டி கிடைத்தால், வாங்கியதும் வீட்டிலேயே மிகப் பழைய கேசட்டைப் போட்டுச் சோதிக்க வேண்டாம். பூஞ்சை பிடித்த டேப் ஒன்று ஓடினால் ஹெட் போய்விடும். முதலில் டேப்பைத் துடைக்க வேண்டும்.